பிக்அப்பைத் தூக்கிக் கட்டலாமா? முதலில் டயரைக் கேளுங்கள்!

ஐசூஸு வி-கிராஸ் 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. தோட்டக்காரர்கள், எஸ்டேட்காரர்கள், வார இறுதியில் மலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் என்று இந்தப் பிக்அப்களை வாங்குபவர்கள் பல ரகம். ஆனால், வண்டி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே பல வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். "ஒரு ரெண்டு இன்ச் தூக்கிக் கட்டி, பெரிய டயர் போட்டா எப்படியிருக்கும்!"

எப்படியிருக்கும் என்றால், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வண்டியில் நாளைக்கு உட்காரப்போவது பிள்ளைகளும் பெரியவர்களும். அதனால், ரீல்ஸ் பார்த்து முடிவெடுக்கும் முன் வண்டிக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவோம்.

உயர்வது எது?

சஸ்பென்ஷனை உயர்த்தினால் கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலுமே முன்பக்கம் காயில் ஸ்பிரிங். பின்பக்கம் நம் பட்டறைகளில் கமான் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங். பின்பக்க அச்சு ஒரே நீளமான இரும்புக் குழாய். அதன் நடுவே குடம்போல் புடைத்துத் தொங்குவதுதான் டிஃபரன்ஷியல். மலைப்பாதையில் கல்லில் இடிப்பது பெரும்பாலும் அந்தக் குடம்தான்.

சஸ்பென்ஷனை 50 மி.மீ. உயர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். பாடி உயரும், சேஸிஸ் உயரும், முன் பம்பர் உயரும். பின் அச்சு? அது சக்கரத்தோடு சேர்ந்து தரையில் நிற்கும் பொருள். ஒரு மி.மீ.கூட உயராது. முன்பு இடித்த அதே கல் இப்போதும் இடிக்கும்.

அந்தக் குடத்தை உயர்த்த ஒரே வழி, பெரிய டயர். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. டயரின் மொத்த உயரம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதிதான் அச்சு உயரும்.

அப்படியானால் சஸ்பென்ஷன் லிஃப்ட் வீண் வேலையா? இல்லை. மேடு ஏறும்போது முன் பம்பர் இடிக்காமலிருக்கவும், வரப்பு மாதிரியான முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமலிருக்கவும் அது உதவும். எல்லாவற்றையும்விட, பெரிய டயர் வளைந்து திரும்பும்போது மட்கார்டில் உரசாமலிருக்க இடம் தரும். ஆக, வரிசை இதுதான்: எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோம், அதற்கு என்ன டயர், அந்த டயருக்கு எவ்வளவு இடம் தேவை, அந்த அளவுக்கு மட்டும் லிஃப்ட். நம் ஊரில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் லிஃப்ட் கிட் வாங்கிவிட்டு, காலியாகத் தெரியும் மட்கார்டை நிரப்ப டயர் தேடுகிறார்கள்.

ஐஸ்லாந்தில் பிக்அப்களை உயர்த்துவது பெரிய தொழில். அங்கே உள்ள ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் ஹைலக்ஸுக்கு 38 இன்ச் டயர் மாட்டித் தரும். 2007-ல் 'டாப் கியர்' நிகழ்ச்சிக் குழு காந்த வட துருவத்தை நோக்கி ஓட்டிச் சென்றது அவர்கள் மாற்றியமைத்த ஹைலக்ஸைத்தான். அங்கே டயர் ஏன் அவ்வளவு பெரிது? காற்றை நன்றாக இறக்கிவிட்டு, அகலமான டயரைப் பனியின் மேல் புதையாமல் ஓட்டுவதற்காக. பனி டயரைக் கேட்டது, டயர் உயரத்தைக் கேட்டது. நமக்குப் பனியும் இல்லை, துருவமும் இல்லை. கூடலூர்ப் பக்கம் செம்மண் சேறும், வால்பாறைப் பக்கம் எஸ்டேட் கல் பாதையும்தான். அங்கே போய்ச் சேரும்வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் தார் ரோட்டில்தான் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

ஹைலக்ஸின் தொடக்க ரகத்தில் வரும் டயரில் 265/65 R17 என்று இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். அடுத்த 65, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. 17 என்பது ரிம்மின் குறுக்களவு, இன்ச்சில். மொபைலில் கால்குலேட்டரை எடுங்கள். 265-ல் 65 சதவிகிதம் 172 மி.மீ. சொச்சம். மேலும் கீழும் என்பதால் இரண்டு மடங்கு, 344.5. ரிம் 17 இன்ச், அதாவது 431.8 மி.மீ. கூட்டினால் டயரின் உயரம் சுமார் 776 மி.மீ.

இப்போது அதே ரிம்மில் 265/70 R17 போட்டால் உயரம் சுமார் 803 மி.மீ. கூடுவது 27, அச்சு உயர்வது 13 மி.மீ.தான். பலரும் ஆசைப்படும் '33 இன்ச்' டயரான 285/70 R17 என்றால் சுமார் 831 மி.மீ. அச்சு 27 மி.மீ. உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-க்குப் பக்கத்தில் போகும், மீட்டர் ஏற்கெனவே சரியாகக் காட்டியிருந்தால். ஓடோமீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 10,700 ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கும் அதோடு தள்ளிப்போகும்.

பெரிய டயர் எடையும் கூடுதல். அதைச் சுழற்ற இன்ஜினும், நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். மைலேஜ் குறையும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்.

அளவுக்கு அடுத்து, ரகம். நெடுஞ்சாலைக்கு ஹெச்.டி., எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏ.டி., சேற்றுக்கு எம்.டி. கரடுமுரடாகப் பாளம் பாளமாக இருக்கும் எம்.டி. டயரைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் தார் ரோட்டில் அது போடும் சத்தத்தில் பின்சீட்டில் பேசுவது கேட்காது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்த தார் ரோட்டில் அதன் பிடிமானம் ஏ.டி.-யைவிடக் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. வாரம் முழுக்கச் சேற்றிலேயே வேலை என்றால் மட்டும் எம்.டி. மற்ற எல்லோருக்கும், என்னைக் கேட்டால், கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல ஏ.டி. டயர் போதும். லிஃப்டே வேண்டாம் என்று பலர் அந்த இடத்திலேயே திருப்தி அடைந்துவிடுவார்கள்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 112S என்பது மாதிரி இருக்கும். 112 என்றால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 110 என்றால் 1,060 கிலோ. S என்பது மணிக்கு 180 கி.மீ. வரைக்குமான வேகக் குறியீடு. பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண்ணுள்ள டயரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கனரக எல்.டி. வகை டயருக்குப் போனால், அதே பாரத்தைத் தாங்கக் காற்று கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரில் உள்ள அளவு அதற்கு அப்படியே பொருந்தாது. டயர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு இன்ச்தான் சார், ஒண்ணும் ஆகாது!"

இனி லிஃப்ட். முன்பக்கம் மலிவான வழி, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு ஸ்பேசர் வட்டை வைப்பது. பட்டறையில் "ஒரு இன்ச் ஸ்பேசர்தான்" என்பார்கள். ஆனால் ஸ்ட்ரட் இருப்பது ஆர்மின் நடுவில், சக்கரம் இருப்பது அதன் நுனியில். அதனால் மேலே வைக்கும் ஒரு இன்ச், சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு இன்ச்சாகிவிடும். வண்டி குண்டும் குழியில் மிருதுவாகப் போக வேண்டுமானால், கூடுதல் நீளமுள்ள ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது முழு நீளத்துக்கு இழுபட்டு, சீக்கிரமே செத்துப்போகும்.

பின்பக்கம், கமானுக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது மலிவு. வெறும் உயரம் போதுமென்றால் அது வேலை செய்யும். ஆனால் வேகமாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கமான் முறுக்கிக்கொள்ளும். கட்டைமேல் கட்டை அடுக்குவதை மட்டும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதோ, மொத்தக் கமானையும் மாற்றுவதோ நல்லது. எப்போதும் பின்னால் சாமான் இருக்கும் வண்டிக்குத்தான் கெட்டி கமான். காலி வண்டிக்கு அதைப் போட்டால், வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்சீட்டுக்காரர்கள் உங்களைத் திட்டுவார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கெட்டி கமான் போட்டதால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் எடை.

50 மி.மீ. தாண்டினால் செலவு சங்கிலியாக வரும். முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் மூட்டுகள் அதிகக் கோணத்தில் வேலை செய்து தேயும். மேல் ஆர்மை மாற்ற வேண்டிவரும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடும். பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் கோணம் மாறி வண்டி அதிரலாம். சில பிக்அப்களில் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஒன்று உண்டு. வண்டியை உயர்த்திவிட்டு அதைச் சரிசெய்யாமல் விட்டால், பாரம் ஏற்றியிருக்கும்போதும் 'வண்டி காலியாக இருக்கிறது' என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். ஹெட்லைட்டையும் இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண் கூசும்.

கவிழும் அபாயத்தை எண்ணாகவே பார்க்கலாம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை கார்களை மதிப்பிடப் பயன்படுத்தும் கணக்கு இது. எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். ஒரு பேச்சுக்கு, அகலம் 1,540 மி.மீ., எடை மையம் 720 மி.மீ. உயரம் என்று வைத்தால் 1.07. லிஃப்ட்டும் டயருமாக மையம் 60 மி.மீ. மேலே போனால் 0.99. கூரையில் கேரியர் வைத்து லக்கேஜ் கட்டினால் இன்னும் குறையும். நேர் ரோட்டில் இது தெரியாது. மலை வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்காகச் சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதுதான் தெரியும்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். லிஃப்ட்டோடு சேர்த்து மாட்டச்சொல்லும் முன்பக்க இரும்பு பம்பருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதத்தைவிடப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே கிட் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரன்டி இருக்கும் வண்டியென்றால் ஷோரூமிலும். டயரைப் பொறுத்தவரை, அதே மாடலின் வேறு ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நின்றுகொள்வது தலைவலி குறைந்த வழி.

எல்லாம் ஒத்துவந்து வேலை முடிந்தால், அன்றைக்கே வீல் அலைன்மென்ட். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கி, அலைன்மென்டை மீண்டும் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ரிவர்ஸில் ஒரு மேட்டில் ஏற்றி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்றும் கவனியுங்கள். வீட்டுப் பாட்டியை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஃபுட்போர்டு தேவையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. விலை கேட்கும்போது நான்குக்குக் கேட்காதீர்கள், ஐந்துக்குக் கேளுங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால், ஃபோர் வீல் டிரைவ் போடும்போது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழன்று கியர் பெட்டியை முறுக்கும். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி இடத்தில் அந்தப் பெரிய டயர் நுழையுமா என்பதையும், பணம் கொடுக்கும் முன்பே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.