வென்ற பந்தயத்தில் இழந்த பணம்

படப்பையில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஒரு நாள் கைப்பேசியுடன் வந்து, "சார், நான் ஜெயிச்சிருக்கேன். ஆனா போட்ட காசே முழுசா வரலை. கணக்கைக் கொஞ்சம் பாருங்க" என்றார். தாம் ஒருநாளும் ஆடியறியாத கோல்ஃப் ஆட்டத்தின் மீது, வெளிநாட்டுச் செயலி ஒன்றில் பந்தயம் கட்டியிருந்தார். குறிப்பிட்ட வீரர் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் நான்கு மடங்கு என்பது பேச்சு. கட்டியது ரூ.1,000. வீரரும் ஐந்தாம் இடம் பெற்றுவிட்டார். ஆனால், கணக்கில் வந்தது ரூ.800.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் என்னிடம் வந்தார். விதிகளைப் படித்தபோது, செயலியின் கணக்கில் பிழை இல்லை என்பதே தெரிந்தது. அதுதான் கவலைக்குரியது.

சமன் என்றால் பங்கு

பெரிய கோல்ஃப் போட்டிகள் பெரும்பாலும் நான்கு நாள்கள், 72 குழிகள் கொண்டவை. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்கிறார். ஒரே எண்ணிக்கையில் பலர் முடிப்பது இதில் அன்றாட நிகழ்வு. அப்போது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த 'டெட் ஹீட்' விதி செயல்படும். அன்று ஐந்தாம் இடத்தை ஐவர் பகிர்ந்திருந்தனர். ஓர் இடம், ஐந்து பேர். ஆகவே, பணயத்தில் ஐந்தில் ஒரு பங்கான ரூ.200 மட்டுமே வென்றதாகவும், மீதி ரூ.800 தோற்றதாகவும் கொள்ளப்படும். ரூ.200-க்கு நான்கு மடங்கு ரூ.800. நான்காம் இடத்தை மூவர் பகிர்ந்திருந்தால், இரண்டு இடங்கள் மூவருக்கு என்று கணக்கிட்டு ஏறத்தாழ ரூ.2,667 கிடைத்திருக்கும்.

சாம்பியன் யார் என்ற பந்தயத்துக்கு இந்தப் பங்கீடு இல்லை. கூடுதல் ஆட்டத்தின் முடிவே இறுதி. 2025 மாஸ்டர்ஸ் போட்டியில் ரோரி மெக்கில்ராயும் ஜஸ்டின் ரோஸும் 72 குழிகளின் முடிவில் சமமாக நின்றனர். கூடுதல் ஆட்டத்தில் மெக்கில்ராய் வென்றார். ரோஸ் பட்டம் வெல்வார் என்று கட்டியவர்களுக்கு எதுவும் இல்லை.

இரு வீரர்களில் யார் முந்துவார் என்ற பந்தயம் எளிதாகத் தோன்றும். ஆனால், இருவரும் சமமானால் என்ன? சில நிறுவனங்கள் பணயத்தைத் திருப்பித் தரும். 'சமன்' என்பதையும் தனி வாய்ப்பாக விற்கும் நிறுவனங்களில் பணம் போய்விடும். வீரர் ஆட்டம் தொடங்குமுன் விலகினால் பொதுவாகப் பந்தயம் ரத்து. முதல் அடியை அடித்தபின் காயத்தால் விலகினால் பொதுவாகத் தோல்வி. மழையால் போட்டி குறுக்கப்பட்டால் எத்தனை குழிகள் ஆடியிருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இருவருக்குமே 1.90 மடங்கு என்று அறிவிக்கப்பட்டால், இருபுறமும் தலா ரூ.1,000 சேரும்போது வசூல் ரூ.2,000, வழங்குவது ரூ.1,900. யார் வென்றாலும் நிறுவனத்துக்கு ரூ.100. கட்டுபவர் நூற்றுக்கு 53 முறை சரியாகக் கணித்தால்தான் நட்டமின்றித் தப்பலாம்.

விதி எழுதுபவரே நீதிபதி

நம் ஊரில் பந்தயம் என்றதும் கிண்டிதான் நினைவுக்கு வரும். குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று 1996-இல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கிருந்த 'டோட்' முறையில், கட்டப்பட்ட பணம் ஒரே தொகுப்பாகச் சேரும். கழிவும் வரியும் போக எஞ்சியது வென்ற சீட்டுகளுக்குப் பிரித்தளிக்கப்படும். அதிலும் கட்டுவோர் ஒட்டுமொத்தமாக நட்டமடைவது உறுதி. ஆனால், எந்தக் குதிரை வந்தாலும் நடத்துபவருக்கு அதே கழிவுதான். நிலையான மடங்கு அறிவிக்கும் செயலியோ, வாடிக்கையாளரின் எதிர்த்தரப்பு. விதியை எழுதுவதும், முடிவை அறிவிப்பதும், பணத்தை வைத்திருப்பதும் அதே எதிர்த்தரப்புதான்.

அது அநீதி இழைத்தால் எங்கே முறையிடுவது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்காக ரூ.500-க்குக் குறையாமல் திரட்டும் நிதிக்கு மட்டுமே அதில் விலக்கு. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டமோ, ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதை, திறன் சார்ந்தவையா அல்லவா என்று பாராமல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்கிறது. ஏமாந்தவர் காவல் நிலையம் சென்றால், முதலில் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

தடை தேவையானதே. ஆனால், கடல் கடந்து இயங்கும் செயலிகள் புதுப்புது முகவரிகளில் திரும்பி வருகின்றன. எனவே, தடையோடு கணக்கும் மக்களைச் சென்றடைய வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் நிகழ்தகவு கற்பிக்கும்போது பகடைக்கும் சீட்டுக்கட்டுக்கும் பக்கத்தில் 1.90 மடங்கின் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்கலாம். தொழிற்பேட்டை நிறுவனங்கள் தம் பயிற்சி வகுப்பில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அந்த இளைஞர் கேட்டார்: "அப்போ நான் ஜெயிச்சேனா, தோத்தேனா சார்?" ஆட்டத்தில் வென்றீர்கள், ஒப்பந்தத்தில் தோற்றீர்கள் என்றேன். அந்த ஒப்பந்தத்தை அவர் படித்ததே இல்லை.