படகுக்கு ஒரு வீடு

கியோட்டோ என்றதும் பழைய கோயில்களும் தோட்டங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கியோட்டோ மாகாணத்துக்குக் கடற்கரையும் உண்டு. அதன் வடக்கே, ஜப்பான் கடலோரம் இருக்கும் மீனவர் ஊர் இனே. சுமார் 5 கிலோமீட்டர் வளைந்து செல்லும் விரிகுடாக் கரையில் ஏறத்தாழ 230 மர வீடுகள் தண்ணீரிலேயே காலூன்றி நிற்கின்றன. இவற்றுக்கு 'ஃபுனயா' என்று பெயர். ஃபுனெ என்றால் படகு, யா என்றால் வீடு.

பெயருக்கேற்ப, கீழ்த்தளம் படகுக்குத்தான். கடலைப் பார்த்த பக்கம் திறந்திருக்கும். தரை சரிவாக நீருக்குள் இறங்கும். மீன்பிடித்துத் திரும்புகிறவர் படகை அப்படியே உள்ளே இழுத்து ஏற்றிவிடலாம். இது வெறும் வசதிக்காக வந்த ஏற்பாடு அல்ல. மரப்படகு எந்நேரமும் நீரில் கிடந்தால் ஊறி உளுத்துப்போகும். மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களும் குடியேறும். அதனால் அதை அடிக்கடி காயவைத்தாக வேண்டும். மேல்தளம் முன்பு வலைகளும் கருவிகளும் வைக்கும் பரணாக இருந்தது. பின்னாளில் ஆட்கள் தங்கும் அறையானது. குடும்பம் வாழும் பெரிய வீடு தெருவுக்கு எதிர்ப்புறம், மலையடிவாரத்தில்.

கடல் பொங்கினால் என்ன ஆகும்? இனேயில் அது பெரிதாகப் பொங்குவதில்லை. ஜப்பான் கடலைச் சுற்றிலும் நிலம். வெளிக்கடலோடு அதை இணைக்கும் நீரிணைகள் குறுகலானவை, ஆழம் குறைந்தவை. பெருங்கடலின் ஓதம் அந்த வாசல்களிலேயே வலுவிழந்துவிடுகிறது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 50 சென்டிமீட்டர் அளவுதான். அதுவே இரண்டு மூன்று மீட்டராக இருந்திருந்தால், ஒரு வேளை வீடு மூழ்கும். மறுவேளை படகு சேற்றில் நிற்கும். விரிகுடா தெற்கு நோக்கியிருப்பதால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் அலைகள் நேராகத் தாக்குவதில்லை. வாய்ப்பகுதியில் இருக்கும் ஆவோஷிமா தீவு மிச்ச அலையையும் தடுத்துவிடுகிறது.

2005-இல் ஜப்பான் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது. ஆனால் இன்றைய ஃபைபர் படகுகள் உளுப்பதில்லை, காயவைக்கத் தேவையில்லை. அவற்றில் பல உள்ளே நுழையாத அளவுக்குப் பெரியவை. அவை வெளியே கட்டிக் கிடக்க, சில ஃபுனயாக்கள் பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன.

ஆனாலும் வீட்டு வாசலில் 'மொன்டோரி' என்ற கூண்டு நீருக்குள் தொங்குகிறது. சமைத்து மிஞ்சிய மீன் தலையையும் முள்ளையும் அதில் போட்டு வைத்தால், அடுத்த வேளைக் குழம்புக்கான மீன் தானே வந்து மாட்டிக்கொள்ளும்.