மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில்?

பழைய கார், புதுக் கை – 9

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. முதல் கியரில் கிளம்பினால் வண்டி குலுங்குகிறது. மேட்டில் இழுவை இல்லை. பின்பக்கம் போய் நின்று கேட்டால், சைலன்சர் சத்தம் நடுநடுவே விட்டுவிட்டு வருகிறது. இதோடு பட்டறைக்குப் போனால் எஞ்சினைத் திறந்து பார்க்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “மிஸ்ஸிங் சார், பிளக் செட் மாத்திடலாம்.” பிளக் மாறும், பிறகு ஒயர், பிறகு காயில். பர்ஸ் இளைக்கும், நடுக்கம் அப்படியே இருக்கும்.

எந்தச் சிலிண்டர் என்று தெரிவதற்கு முன் ஒரு பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். இந்த வாரம் முழுக்க நான் சொல்லப்போவது இதைச் சுற்றித்தான்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஐட்லிங் 900 ஆர்பிஎம் என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 450 முறை எரிய வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. அந்தச் சிலிண்டருக்குப் போன பெட்ரோலும் காற்றும் எரியாமல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிடும். மிஸ்ஸிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது என்பது இதனால்தான்.

ஸ்கேனர் காட்டிவிடாதா என்று கேட்பீர்கள். புது வண்டியில் காட்டும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. ஆனால் மிஸ்ஃபயரைக் கண்காணிக்கும் ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே கட்டாயம். இந்தியாவில் 2013-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டியென்றால் பெரும்பாலும் நாமேதான் தேட வேண்டும்.

தேடுவது கஷ்டமில்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒரு நொடி கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையா? படுத்தது அதுதான். முதல் நொடியிலேயே கவனித்துவிட வேண்டும். தாமதித்தால் ஐட்லிங் வால்வு ஆர்பிஎம்மைத் தூக்கிச் சரிசெய்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் பிளக் ஒயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் தொடாதீர்கள், அதில் வருவது 20,000 வோல்ட்டுக்கும் மேல். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழற்றி, அந்த ஒயரில் உதிரி பிளக் ஒன்றை மாட்டி எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் குற்றவாளி பிளக். போகவில்லையென்றால் ஒயரை அதே போல மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. கழற்றிய பிளக்கின் முனையையும் பார்த்துவிடுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். பெட்ரோல் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. எஞ்சின் ஆயில் பிசுபிசுத்தால் உள்ளே ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது.

ஒயர் மேல் சந்தேகமா? இருட்டியபின் பானெட்டைத் திறந்து ஒயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். கசியும் இடத்தில் நீல நிறத்தில் பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும். மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் வருகிற வண்டிகளில் இதை முதலிலேயே செய்துவிடலாம். ஐட்லிங்கில் மட்டும் தடுமாறி ஆக்சிலரேட்டர் மிதித்ததும் சீராகிவிட்டால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டையும் வேக்குவம் ஹோஸ்களையும் பாருங்கள். எங்கோ காற்று உறிஞ்சுகிறது.

ஆனால் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நண்பர் ஒருவர் வாங்கிய 800, பல வருடம் எல்பிஜியில் ஓடியது. காலையில் பூப்போல ஓடும். சூடானதும் ஐட்லிங்கில் நடுங்கும். பட்டறையில் பிளக், ஒயர், கடைசியில் பெட்ரோல் பம்ப் வரை மாற்றிவிட்டார்கள். கம்ப்ரஷன் கேஜை ஒருவரும் எடுக்கவில்லை. சூடான எஞ்சினில் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றியபோது இரண்டு சிலிண்டர் 12 கிலோ, மூன்றாவது 8. அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அளவு ஏறும். ஏறவில்லை; அப்படியென்றால் வால்வு.

எல்பிஜி எரியும்போது வால்வு சீட்டுக்குப் பெட்ரோலில் கிடைக்கும் பாதுகாப்பு இல்லை. சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி, டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே போகும். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் அங்கே கசிந்துவிடும். நண்பரின் வண்டியில் ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட்டைச் சரிசெய்ததும் கம்ப்ரஷன் 11-க்கு வந்தது, நடுக்கம் நின்றது. இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் வால்வின் விளிம்பு கருகியிருக்கும். ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை.

ஆகவே எல்பிஜி, சிஎன்ஜியில் ஓடிய வண்டிக்கு விலை பேசும்போது, எஞ்சின் சூடானபின் கம்ப்ரஷன் பார்க்க விற்பவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: கூலன்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை)