பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

லெனோவோவின் திங்க்பேட் பி50 அறிமுகமானது 2015-ல். அதுவரை சர்வர்களுக்கும் டெஸ்க்டாப்களுக்கும் என்றே இருந்த இன்டெல் ஜியான் பிராசஸரின் லேப்டாப் வகை முதன்முதலில் வந்தது இதிலும் இதன் மூத்த உடன்பிறப்பான பி70-லும்தான். எடை சுமார் இரண்டரை கிலோ. சார்ஜர் 170 வாட். நான்கு ராம் ஸ்லாட்டுகள், 64 ஜிபி வரை போடலாம். பத்தாண்டுகள் ஓடிவிட்ட பிறகும் கட்டட வரைபடம் போடுகிறவர்களின் மேசைகளிலும், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை விற்கும் கடைகளிலும் இதைப் பார்க்கலாம். வைத்திருப்பவர்களுக்கு எப்போதாவது ஒரு நாள் கேள்வி வந்தே தீரும்: புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா? நல்ல ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் இன்று லட்சக்கணக்கில் விலை போகிறது. அதனால் பிராண்டையும் விளம்பரத்தையும் ஒதுக்கிவிட்டு, இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

முதலில், ஒர்க்ஸ்டேஷன் என்று தனியாக ஒரு வகை எதற்கு? சாதாரண லேப்டாப் சில விநாடிகளுக்கு வேகமாக ஓடி ஓய்வெடுக்கும் வேலைக்கானது. ஒர்க்ஸ்டேஷனோ மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட வேண்டியது. அதற்கேற்ற குளிரூட்டல் இருக்கும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களை எழுதும் நிறுவனங்கள் இதன் கிராஃபிக்ஸ் கார்டையும் டிரைவரையும் சோதித்துச் சான்று தந்திருக்கும். சில மாடல்களில் பிழை திருத்தும் நினைவகமும் உண்டு.

இந்தக் கடைசி அம்சத்தைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. அது ஏன் தேவை என்பதற்கு ஒரு உதாரணம். 2003 மே மாதம் நடந்த பெல்ஜியத் தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் பகுதியிலுள்ள ஸ்கார்பேக்கில் மின்னணு எண்ணிக்கை ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 வாக்குகளைக் கூட்டிக் காட்டியது. 4096 என்பது 2-ஐ 12 முறை பெருக்கினால் வரும் எண். அதாவது, நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆக மாறினால் போதும். மென்பொருளில் எந்தப் பிழையும் கிடைக்காததால், விண்வெளிக் கதிரின் துகள் ஒன்று அந்த பிட்டைப் புரட்டியிருக்கலாம் என்றே விளக்கம் சொல்லப்பட்டது. பிழை திருத்தும் ராம், ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் வைத்துக்கொண்டு, இப்படி ஒரு பிட் புரண்டால் தானே கண்டுபிடித்துத் திருத்திவிடும். இரவு முழுக்க ஒரு பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிடுகிறவருக்கு இது அவசியம் என்பேன். ஜியான் போட்ட பி50-ல் இந்த வசதி உண்டு, ஐ7 போட்டதில் இல்லை. புதிய லேப்டாப்புகளிலும் எல்லா மாடலிலும் கிடையாது. ஆக, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கி, இருந்த பாதுகாப்பை இழக்கிறவர்களும் உண்டு.

இனி, உங்கள் இயந்திரம் எங்கே திணறுகிறது என்று அளந்து பார்க்கலாம். வழக்கமாகச் செய்யும் வேலைகளில் மிகக் கனமானதை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பகுதியைக் கால் மணி நேரம் கவனியுங்கள்.

மெமரி வரைபடம் உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்று, கூடவே டிஸ்க் விடாமல் உழைத்தால், ராம் போதவில்லை என்று அர்த்தம். இடம் இல்லாததால் விண்டோஸ் தரவுகளை டிஸ்க்குக்கும் ராமுக்கும் இடையே மாற்றிமாற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. இதற்குப் புது லேப்டாப் தேவையில்லை, ராமைக் கூட்டினால் போதும். பி50-ல் இரண்டு ஸ்லாட்டுகள் அடிமூடியின் கீழும் மற்ற இரண்டு கீபோர்டின் கீழும் இருக்கின்றன. அடிமூடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, இடமே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டிஸ்க்கே பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் தரும் ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் 3,000 மெகாபைட்டுக்கு மேல் படிக்கக்கூடிய என்விஎம்இ எஸ்எஸ்டி பி50-லேயே பொருந்தும்.

பிராசஸர் விஷயம்தான் ஏமாற்றும். நான்கு கோர் கொண்ட பி50-ஐ விண்டோஸ் எட்டு பிராசஸராக எண்ணும். மென்பொருள் ஒரே ஒரு கோரைப் பிழிந்துகொண்டிருந்தால் டாஸ்க் மேனேஜர் 12 அல்லது 13 சதவீதம் என்றுதான் காட்டும், எட்டில் ஒரு பங்கு. திரையில் மவுஸ் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணோ இயந்திரம் சும்மா இருப்பதுபோல் சொல்லும். அந்த வரைபடத்தின் மேல் வலது க்ளிக் செய்து, பிராசஸர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் குட்டு வெளிப்படும். முப்பரிமாண வடிவமைப்பில் ஒரு அளவை மாற்றியதும் மாடல் முழுவதும் மறுபடி கணக்கிடப்படுகிறதே, அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றைக் கோர் வேலை. ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி. 16 கோர் வாங்கினாலும் மற்ற 15 வேடிக்கை பார்க்கும். இந்த வேலைக்கு ஒற்றைக் கோரின் வேகமே கணக்கு. அதில் 2022-ன் உயர்ரகப் பிராசஸர்கள் 2015-ன் பிராசஸர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

கோர் எண்ணிக்கையின் எல்லையை 1967-லேயே ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் சொல்லிவிட்டார். கல்யாணச் சமையலில் காய் நறுக்கப் பத்துப் பேரை விடலாம், அதற்காக ஒரு அண்டாச் சோறு சீக்கிரம் வெந்துவிடாது. உங்கள் வேலையில் 80 சதவீதத்தைப் பங்கிட முடியும், 20 சதவீதத்தை முடியாது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோரில் வேகம் 2.5 மடங்காகும், 16 கோரில் 4 மடங்காகும். கோர் நான்கு மடங்கு கூடியும் வேகம் கூடியது 1.6 மடங்குதான். ரெண்டரிங் போல அநேகமாக முழுவதையும் பங்கிடக்கூடிய வேலை செய்கிறவருக்குத்தான் அத்தனை கோரும் காசுக்குத் தகும்.

அதே திரையில் பிராசஸரின் வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். அதையும் பாருங்கள். பி50-ல் வரும் ஐ7-6820ஹெச்க்யூவின் அடிப்படை வேகம் 2.7. வேலை தொடங்கும்போது 3-க்கு மேல் இருந்து, பத்து நிமிடத்தில் 2.7-க்கும் கீழே இறங்கினால், சூடு தாங்காமல் பிராசஸர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. பல வருடத் தூசி ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே கம்பளிபோல் படிந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். நல்ல சர்வீஸ்காரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் போட்டாலே இழந்த வேகம் திரும்பும். மெலிந்த புது லேப்டாப்புக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2022-ல் வந்த திங்க்பேட் பி16-ன் ஐ9-12950ஹெச்எக்ஸ் அடிப்படையில் 55 வாட், உச்சத்தில் 157 வாட் குடிக்கும். பழைய பிராசஸருக்கோ 45 வாட். அவ்வளவு சூட்டை வெளியேற்றப் பருத்த உடம்பு வேண்டும். பி16 மூன்று கிலோவை நெருங்குவது அதனால்தான். இந்த வகையில் மெலிந்ததைத் தேடுவது வேகத்தை விலையாகக் கொடுத்து அழகை வாங்குவதாகும்.

மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பி50-ன் ஆறாம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-ன் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. உங்கள் மென்பொருள் லினக்ஸில் ஓடினால் கவலையில்லை. விண்டோஸில் மட்டும்தான் என்றால், வாடிக்கையாளரின் வரைபடங்களைப் பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் வைத்திருப்பது சரியல்ல. கிராஃபிக்ஸ் இன்னொரு காரணம். பி50-ன் குவாட்ரோ எம்2000எம் கார்டில் 4 ஜிபி நினைவகம்தான். ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் தனிச் சுற்றுகள் 2018-ல் தொடங்கிய ஆர்டிஎக்ஸ் தலைமுறையில்தான் வந்தன. ரெண்டரிங்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்களும் உங்கள் பிழைப்பு என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றலாம், தயங்க வேண்டாம்.

வாங்கும்போது ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டதா, மாற்றக்கூடியதா என்று கட்டாயம் கேளுங்கள். பற்றவைத்ததென்றால் இன்று தேர்ந்தெடுக்கும் அளவுதான் அதன் ஆயுள் முழுவதும். பி50 இத்தனை வருடம் ஓடியதற்கு அந்த நான்கு ஸ்லாட்டுகள் பெரிய காரணம். 2024-ன் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை, எல்பிகேம்2 என்ற கழற்றி மாட்டும் புதுவகை ராமோடு வந்தது நல்ல அறிகுறி.

என் தீர்ப்பு இது: ராமும் டிஸ்க்கும் சூடும்தான் சிக்கல் என்றால் பி50-ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கோரோ கிராஃபிக்ஸோ விண்டோஸோ என்றால் மாற்றுங்கள். மாற்றுவதாக இருந்தால், உங்கள் கனமான ஃபைலை பென்டிரைவில் எடுத்துப்போய், வாங்க நினைக்கும் மாடலை வைத்திருக்கும் நண்பரிடமோ விற்பவரிடமோ அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழையதில் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.