பாதாளத்திலிருந்து வானத்தை அறிதல்

கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் தெரியாது என்பர் நம் முன்னோர். ஆயினும், நிலத்தின் கீழ் 705 மீற்றர் ஆழத்தில் இருந்துகொண்டே, வளிமண்டலத்தின் உயரத்தில் காற்றுச் சூடேறியதை உணர்ந்த கருவியொன்று உண்டு, நேயர்களே!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சூடான் என்னும் பெயருடைய சிற்றூர் ஒன்றுளது. அங்குள்ள இரும்புச் சுரங்கம் 1962இல் தொழிலை நிறுத்தியது. அதன் ஆழத்தில், 5,400 தொன் நிறையுள்ள மைனோஸ் என்னும் கருவி 2003 முதல் 2016 வரை இயங்கிற்று. நியூத்திரினோ என்னும் நுண்துணிக்கைகளை ஆராய்வதே அதன் நோக்கம். ஆனால், அழையா விருந்தினராய் மியூவொன் என்னும் துணிக்கைகளும் அங்கே வந்துகொண்டிருந்தன.

இவை பிறக்குமிடம் யாது? விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் உயரத்திலுள்ள காற்றின் அணுக்கருக்களைத் தாக்கும்போது, பையொன், கேயொன் என்னும் துணிக்கைகள் தோன்றுகின்றன. இவற்றின் முன் இரு வழிகள் உள. ஒன்று, வேறோர் அணுக்கருவில் மோதி ஆற்றலை இழத்தல். மற்றையது, மோதுமுன்னரே சிதைந்து மியூவொனைப் பிறப்பித்தல். அம்மியூவொன்களுள் ஆற்றல் மிக்கவை மாத்திரமே பாறையைத் துளைத்துச் சுரங்கத்தை அடையும். பாறையே இங்கு சல்லடை.

திருவிழாக் கூட்டம் நெருக்கமாயின், நாலடி வைப்பதற்குள் யாரோடாவது மோதுகின்றோம். கூட்டம் ஐதாயின், இடறின்றி நெடுந்தூரம் செல்கின்றோம். காற்றின் தன்மையும் இதுவே. சூடேறிய காற்று விரிந்து ஐதாகின்றது, மோதல்கள் குறைகின்றன, மியூவொன்களாக மாறுவன மிகுகின்றன. ஆகவே கோடையில் சுரங்கத்து எண்ணிக்கை சற்று உயரும்; மாரியில் தாழும். இவ்விளைவு 1952ஆம் ஆண்டளவிலேயே அறிஞரால் விளக்கப்பட்டிருந்தது.

புதுமை அதன்பின் வந்தது. வடதுருவப் பகுதியின் மாரிகாலத்தில், படைமண்டலத்தின் வெப்பநிலை சில நாட்களுள் 40 பாகை செல்சியஸ் வரை திடீரென உயர்வதுண்டு. 2003 முதல் 2007 வரையான மாரிகாலப் பதிவுகளை பிரித்தானிய, அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்தனர். அத்தகைய சூடேற்றத்தோடு சுரங்கத்து மியூவொன் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் ஒத்து உயர்ந்தமையை 2009இல் வெளியிட்டனர்.

இதனால் விளையும் பயன் என்ன? அத்தகைய சூடேற்றத்தின் பின், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கடுங்குளிர் வாரக்கணக்கில் நீடித்து மக்களை வருத்துவதுண்டு. பலூன்களும் செய்மதிகளும் தரும் அளவைகளைச் சரிபார்க்க, அவற்றைச் சாராத சாட்சியொன்று பாதாளத்திலிருந்து கிடைத்துள்ளது. நியூத்திரினோ ஆய்வாளர் களையென ஒதுக்கியது, வளிமண்டல ஆய்வாளருக்குப் பயிராயிற்று.