ஒன்பது கட்டை மனிதர்

லெகோ கட்டையைப் பார்க்காத குழந்தை சித்தூரிலும் திருப்பதியிலும் இன்று அரிது. அதனால் கட்டைகள் எப்படிப் பொருந்துகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது, அதே கட்டைகளை வைத்துப் பெரியவர்கள் சிலர் செய்யும் வேலையைப் பற்றி. பெட்டிக்குள் ஆயத்தமாக வரும் நாலு சென்டிமீட்டர் குட்டி மனிதனை அவர்கள் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அவனைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதலான உயரத்தில், வீடு கட்டும் அதே கட்டைகளால் மனிதரையும் கட்டுகிறார்கள். இதற்கு 'மினிலாந்து அளவு' என்று பெயர். டென்மார்க்கின் பில்லுண்டில் 1968 ஜூன் 7 அன்று திறந்த லெகோலாந்து பூங்காவின் மாதிரி நகரங்களிலிருந்து வந்த பெயர் இது. ஒன்றுக்கு இருபது என்பது அங்கே புழங்கும் விகிதம். குட்டி மனிதன் பத்து ஆண்டு கழித்து, 1978-ல்தான் வந்தான். அவன் வந்ததில் வசதி கூடியது, ஒரு வேலை குறைந்தது. சுவரையும் வண்டியையும் நாம் கட்டினோம், ஆளை மட்டும் தொழிற்சாலை அனுப்பிவைத்தது. கட்டை விளையாட்டு கைவினையாக மாறுவது ஆளையும் நாமே கட்டும்போதுதான் என்பது என் எண்ணம்.

காரணம் கட்டையின் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. மூன்று மெல்லிய தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டை உயரம், ஆகவே ஒரு தட்டு 3.2. பார்த்தால் ஒத்துவராத எண்கள். ஆனால் ஐந்து தட்டுகளை அடுக்குங்கள்: சரியாக 16 மில்லிமீட்டர், அதாவது இரண்டு குமிழ் அகலம்! இந்தப் பொருத்தத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டை ஒன்றை உள்ளே வைத்தால், தட்டுகளைப் படுக்கவும் வைக்கலாம், நிமிர்த்தியும் வைக்கலாம், இடுக்கு விழாது. இரண்டு குமிழ் அகலம், இரண்டு குமிழ் ஆழம், ஐந்து தட்டு உயரம் என்றால் நாலு புறமும் ஒரே அளவான ஒரு கனசதுரம். அதுதான் தலை. ஐந்தடி ஏழங்குல ஆள் இந்த விகிதத்தில் ஒன்பது கட்டை உயரம் வருவார். ஆனால் அவர் தலை உண்மையில் 11 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஒரு குமிழ் போதாது, இரண்டு குமிழ் கூடுதல். கட்டுபவர் பெரியதைத் தேர்ந்துகொள்கிறார். உடல் முழுதும் சேர்ந்து ஐந்து தலை உயரத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. நம் ஸ்தபதிகளுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு, பிள்ளையாருக்கு ஐந்து தாள உயரமான பஞ்சதாளம் என்றும் பெருமாளுக்குப் பத்துத் தாளத்தை ஒட்டிய உத்தம தசதாளம் என்றும் வகுத்தவர்கள் அவர்கள். மினிலாந்து மனிதர்கள் எல்லோரும் குழந்தைச் சாயலில் தெரிவது பஞ்சதாளத்தை ஒட்டி நிற்பதால்தான். அதே தலையை வைத்துக்கொண்டு பெருமாளைக் கட்ட நினைத்தால் பதினேழு கட்டை உயரம் தேவைப்படும். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதைக் கட்டடம் தீர்மானிப்பதில்லை, முகம் தீர்மானிக்கிறது.

இது வெளிநாட்டு விளையாட்டு, நம் மண்ணுக்கு என்ன உறவு என்று கேட்கலாம். கட்டை வெளிநாட்டது, கட்டையால் ஆளைக் கட்டும் வேலை நம்முடையது. கோபுரத்தின் அடித்தளம் கல், அதற்கு மேல் முழுதும் செங்கல். அதில் நிற்கும் துவாரபாலகர்களும் செங்கல்லால் கூடு எழுப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, கண்ணும் நகையும் வடித்தவர்களே. காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. 120 அடிக்கு மேற்பட்ட அந்தக் கோபுரத்தை மினிலாந்து அளவில் கட்டினால் ஆறடியைத் தாண்டும். கீழே நிற்கும் பக்தர் ஒன்பது சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார். கோபுரத்தின் முன் மனிதர் எவ்வளவு சிறியவர் என்பதை அந்த மாதிரி ஒரு பார்வையில் காட்டிவிடும். விழுந்த கோபுரத்தின் இடத்தில் புதியது எழுந்து 2017-ல் குடமுழுக்கும் கண்டது. பழையதன் உருவத்தைக் கையால் அறிந்துகொள்ள இப்படி ஒரு மாதிரியைக் கட்டிப் பார்க்கலாமே.

வளைவே வராத கட்டையில் முகத்தை எப்படிக் கொண்டுவருவது என்பது அடுத்த தடை. உண்மைதான், மூக்கு படிக்கட்டு போலத்தான் வரும். ஆனால் புள்ளிக்குக் கட்டுப்பட்டதால் கோலம் கலையில்லாமல் போய்விடவில்லை. எட்டுக் குமிழ் உள்ள கட்டைகள் ஆறே ஆறு, ஒரே நிறத்தில் இருந்தால்கூட, 91,51,03,765 விதமாக இணையும் என்று கணித அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். கட்டுப்பாடு கற்பனையைக் கெடுப்பதில்லை என்பதற்குச் சந்திரகிரி ராஜமகாலே சாட்சி: கல், செங்கல், சுண்ணாம்பு மட்டுமே, மரம் சேர்க்காமல் மூன்று அடுக்கு எழுப்பியிருக்கிறார்கள். கட்டை மனிதரில் எனக்குக் கடினமாகப் படுவது திருமலையில் முடி இறக்கிய தலை. மற்ற தலைகளில் கூந்தலோ தொப்பியோ குமிழ்களை மறைத்துவிடும். மொட்டைத் தலையில் எதையும் மறைக்க முடியாது. குமிழில்லாத வழவழப்பான ஓடுகளை ஐந்து பக்கமும் பதிக்க வேண்டும். சந்தனம் பூசிய தலைக்கு இளமஞ்சள் ஓடு. முன்பு சொன்ன ஐந்து தட்டுக் கணக்கு முழுதாக உதவுவது இங்கேதான்.

விலையைப் பற்றிய குறை நியாயமானது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆயிற்று, 2023-ல் 70. ஆனால் மனிதரைக் கட்ட ஆயிரக்கணக்கான துண்டுகள் உள்ள பெட்டி வேண்டாம். உடைந்த பழைய பெட்டிகளின் மிச்சம் போதும். கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாக ஒரு நிறுவனம் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்துவிட்டது. அதே அளவில் வேறு பலரும் செய்கிறார்கள். பணம் உண்மையில் வீணாவது வேறு விதத்தில். விலையுயர்ந்த பெட்டியை வாங்கி, கூடவரும் தாளைப் பார்த்து ஒருமுறை கட்டி, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கிறோம். குழந்தை அதைப் பிரிக்கப் போனால் அதட்டுகிறோம். பிரிக்க முடியாத கட்டை வெறும் சிலை. அதைவிட நம் மரப்பாச்சி மேல். சேஷாசலத்துச் செம்மரத்தில் வழிவழியாகக் கடைந்த அந்த ஜோடிக்கு முகம் பாதிதான் இருக்கும். புடவை, நகை, மீசை எல்லாம் வீட்டுக்காரர்கள் சேர்க்க வேண்டியவை. அந்த மரமோ இன்று அருகிவரும் இனம். வெட்டிக் கடத்துகிறவர்களிடமிருந்து காப்பதே பெரும்பாடு. லெகோ நிறுவனமும் மரப் பொம்மையில் தொடங்கியதுதான்: 1932-ல் ஒரு தச்சர் தொடங்கியது, 1960-ல் கிடங்கு தீப்பிடித்த பிறகு மரத்தைக் கைவிட்டது. அவர்கள் விட்ட மரத்தை ஏர்ப்பேடு அருகே மாதவமாலையில் இன்னும் செதுக்குகிறார்கள். திருப்பதிக்குப் போகிறவர்கள் அந்த ஊருக்கும் போய் ஒரு பொம்மை வாங்கி வர வேண்டும்.

வரும் நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சி ஜோடிக்குப் பக்கத்தில் ஒன்பது கட்டை உயரத்தில் ஒரு ஆளுக்கு இடம் விடுங்கள். பூக்கட்டும் அம்மாவோ, மொட்டை போட்ட பையனோ, உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த யாராவது ஒருவர். தாளைப் பார்க்காமல் குழந்தையே கட்டட்டும். தலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: இரண்டு குமிழ் அகலம், ஐந்து தட்டு உயரம்.