பூட்டிய சிப்பே போதும், தம்பி

"அண்ணே, கே போட்டது வாங்கட்டுமா, சாதாரணமே போதுமா?" கேமிங் கம்ப்யூட்டர் கட்டப்போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். என் பதில்: சாதாரணமே போதும், மிச்சமாகும் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடு. ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால், நாளைக்கே எவனாவது வந்து "கே எடுத்திருக்கலாமே" என்று சொன்னதும் மனசு கெட்டுப்போகும். அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காரு தம்பி.

ப்ராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. விநாடிக்குப் பத்துக் கோடி துடிப்பு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், அடிப்படையாக இருக்கிறது. சிப் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 44ஆல் பெருக்கினால் 4.4 கிகாஹெர்ட்ஸ். பயாஸுக்குள் போய் அந்த எண்ணை நாமே ஏற்ற முடிந்தால் அது பூட்டில்லாத சிப். கம்பெனி வைத்த உச்சத்துக்கு மேல் ஏறாவிட்டால் பூட்டியது. பள்ளிக்கூட வேனுக்கு ஸ்பீடு கவர்னர் வைத்து சீல் அடிக்கிறார்களே, அந்த மாதிரி. இன்டெல் பூட்டில்லாத சிப்பின் பெயர்க் கடைசியில் கே என்று போடும். எஃப் என்று இருந்தால் அது வேறு சமாச்சாரம்: உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு கட்டாயம் வேண்டும்.

கே மீதான மோகம் சும்மா வந்ததல்ல. 1998இல் வந்த செலரான் 300ஏ மலிவான சிப். அதில் பெருக்கும் எண் 4.5 என்று பூட்டியே இருந்தது. பிள்ளைகள் போர்டின் துடிப்பை 66இலிருந்து 100க்கு ஏற்றினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது! பிறகு 2011இல் ஐ5-2500கே வந்தது. டர்போவில், அதாவது தானாகவே ஏறும் உச்சத்தில், 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் அந்தச் சிப்பை, நல்ல கூலர் வைத்துப் பலர் 4.5இல் வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். அன்றைக்குக் கே வாங்கியவன் கெட்டிக்காரன்தான்.

இன்று அந்த மிச்ச வேகத்தைக் கம்பெனியே முன்கூட்டி எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதுமே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடும். அதற்கு மேல் நீ எங்கே ஏற்றுவாய்? இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் பலவற்றுக்கு அளவு மீறிய வோல்டேஜ் போய், கேம்கள் நடுவில் நின்றுபோன விவகாரம் 2024இல் பெரிதாக வெடித்தது. இன்டெல் திருத்த மைக்ரோகோடு வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. பாதிக்கப்பட்டவை கே சிப்புகள் மட்டுமல்ல. ஆனால் விளிம்பு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிப் உறிஞ்சும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். வேகத்தை 20 சதவீதம் ஏற்ற வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினாய் என்று வை. 1.2ஐ 1.1ஆலும், மறுபடி 1.1ஆலும் பெருக்கிப் பார்: 1.45. இருபது சதவீத வேகத்துக்கு நாற்பத்தைந்து சதவீதம் கூடுதல் சூடு. கூலரோ அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் ஊதும். ஏசி போட்டு 25 டிகிரியில் சோதித்த ஒருவரின் வீடியோவைப் பார்த்து நீ அமைப்புகளை அப்படியே வைத்தால், மே மாதம் 37 டிகிரியில் இருக்கும் உன் மாடி அறையில் சிப்பும் ஏறக்குறைய 12 டிகிரி கூடுதல் சூட்டில்தான் நிற்கும். புதுச்சேரி குருசுக்குப்பம் பக்கம் கடலை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்று வேறு. கேபினட் ஸ்க்ரூ துருப்பிடிக்கிறது, ஈரத்தூசி கூலரின் இடுக்குகளில் அப்பிக்கொள்கிறது. இதையெல்லாம் கணக்கில் வைக்காமல், பாகங்கள் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறாதே.

காசுக் கணக்கும் சிப்போடு முடிவதில்லை. இன்டெலில் பெருக்கும் எண்ணை ஏற்ற இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். கே பெட்டிக்குள் கூலர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். அதற்கேற்ற பவர் சப்ளை இன்னொரு செலவு. ஐ5-12400எஃப் மாதிரி பூட்டிய ஆறு கோர் சிப்புக்குக் கூலர் பெட்டியிலேயே இருக்கும்; பி660, பி760 போர்டு போதும். அந்த போர்டுகளில் ரேமின் எக்ஸ்எம்பி வேகத்தையும், அதாவது அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தையும், இயக்கலாம். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எச்610இல் அந்த வசதி கிடையாது, பார்த்து வாங்கு.

கே வாங்குகிறவன் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. 12600கேயில் நான்கு சிறு கோர்கள் கூடுதல், டர்போ 4.9 வரை போகும், 12400இல் 4.4தான். வீடியோ எடிட்டிங் செய்கிறாய், அறையில் ஏசி இருக்கிறது என்றால் அதை எடு. எண்ணை ஏற்றாமலே பயன் உண்டு.

சிப்பா, கார்டா, உனக்கு எது தடை என்று தெரியவேண்டுமா? நண்பன் வீட்டில் நீ வாங்க நினைக்கிற மாதிரி சிஸ்டம் இருந்தால் உன் கேமைப் போட்டு, ரெசல்யூஷனை மட்டும் குறைத்துப் பார். ஃப்ரேம் சட்டென்று ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. அசையவே இல்லை என்றால் சிப். வாலரன்ட் மாதிரி கேமை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறவனுக்குச் சிப் முக்கியம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கதை கேம் ஆடுகிறவனுக்கு அநேகமாகக் கார்டுதான்.

ஏஎம்டி ரைசனில் கதையே வேறு. பெரும்பாலும் எல்லாமே பூட்டில்லாதவை. ஏ320, ஏ520 மாதிரி போர்டுகளில் ஏற்ற முடியாது. ஆனால் அவர்களே 2022இல் ஒரு சிப்பைப் பூட்டித்தான் விற்றார்கள்: 5800எக்ஸ்3டி. சிப்பின் மேலேயே கூடுதல் கேஷ் நினைவகத்தை அடுக்கி, எல்3யை 96 எம்பி ஆக்கினார்கள். அந்த அடுக்கு கூடுதல் வோல்டேஜைத் தாங்காது என்பதால் பூட்டு. டர்போ 4.5தான், அதன் அண்ணன் 5800எக்ஸுக்கு 4.7. இருந்தும் கேம்களில் பூட்டிய தம்பிதான் முந்தினான். காரணம், கேமுக்கு வேண்டிய தரவு ரேம் வரை போய்வராமல் பக்கத்திலேயே கிடைத்தது. 2017இல் பி350 போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் இந்தச் சிப்பை மாட்டிக்கொண்டார்கள்.